ஷோ அன்னிக்கு மட்டும் பார்த்துக்கிற 25 பேரை எப்படி ஒரு மெட்டல் வட்டமா ஆக்குறது?

கீழ்ச்சுருதி:

வணக்கம் மக்களே. எங்க பக்கம் ஹெவி மெட்டல் இசை கேட்கிறவங்க ஒரு 25 பேர் இருக்கோம். மூணு பேண்ட் இருக்கு: ஒண்ணு த்ராஷ் (வேகமான மெட்டல்), ஒண்ணு டெத் மெட்டல் (உறுமல் குரல்), ஒண்ணு டூம் (ரொம்ப மெதுவான, நீளமான பாட்டுகள்). குரூப்ல நாள் முழுக்க லிங்க் ஓடுது, ஆனா யாரும் திறந்து கேட்கிற மாதிரி தெரியல. நேர்ல பார்க்கிறது ஷோ அன்னிக்கு மட்டும்தான். அன்னிக்கும் ஒவ்வொரு பேண்டும் தன் செட் முடிஞ்சதும் மூட்டை கட்டிட்டுக் கிளம்பிடுது. புதுசா வர்றவங்க சுவரோரமா நின்னுட்டுப் போயிடறாங்க, அடுத்த தடவை வர்றதில்லை. பெண்கள் வர்றது சுத்தமாவே நின்னுடுச்சு.

நாங்களே 100 பேர் நிற்கிற ஒரு ஹால்ல ஷோ நடத்தலாம்னு இருக்கோம். மூணு பேண்டும் ஒரே கருவிகளைப் பகிர்ந்தா எங்கெங்க தகராறு வரும்? பிட் (மேடைக்கு முன்னால ரசிகர்கள் ஒருத்தரை ஒருத்தர் தள்ளி ஆடற இடம்) அடிதடியா மாறாம எப்படிப் பார்த்துக்கிறது? ஷோ இல்லாத மாசங்கள்ல இவங்களை எதை வச்சு ஒண்ணா உட்கார வைக்கிறது? "எல்லாரும் அன்பா பழகணும்" டைப் பதில் வேண்டாம், செய்முறையா சொல்லுங்க.

இரட்டைமிதி:

செட் முடிஞ்சதும் ஓடறதுக்குப் பாதிக் காரணம் கருவிதான் ப்ரோ. அவனவன் டிரம்ஸ், அவனவன் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி), வெளியே வண்டி நிக்குது. ஒரே டிரம் செட், ஒரே ஜோடி கிட்டார் கேபினெட், ஒரே பேஸ் கேபினெட்னு வச்சுட்டா கடைசி பேண்ட் முடியற வரைக்கும் யாருக்கும் கிளம்ப வழியில்லை. ஏத்தும்போது மூணு பேண்டும், இறக்கும்போது மூணு பேண்டும்னு முதல்லயே பேசிடுங்க. 12 இன்ச் ஸ்பீக்கர் நாலு இருக்கிற ஒரு 4x12 கேபினெட் 35 கிலோவுக்கு மேல வரும், தனியா யாரையும் தூக்க விடாதீங்க. டெத் மெட்டல் ஆளும் டூம் ஆளும் ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடிச்சாங்கன்னா பேச்சு தானா வரும்.

பொதுவா வர்றது: டிரம் ஷெல்கள், ஸ்டாண்டுகள், ஸ்டூல். டிரம்மர் ஒவ்வொருத்தரும் கொண்டு வரவேண்டியது: சொந்த ஸ்னேர் (முன்னால இருக்கிற சின்ன டிரம்), சொந்த சிம்பல்கள் (உலோகத் தட்டுகள்), சொந்த பெடல். இந்த மூணையும் யாரும் கடன் கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. சிம்பல் விரிசல் விட்டா எந்த அடியில விட்டதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, அங்கதான் நட்பு முறியும். சிம்பல் ஸ்டாண்டோட ஃபெல்ட், பிளாஸ்டிக் குழல், விங் நட் மூணும் ஒவ்வொரு ஷோவுலயும் தொலையும். ஒரு டப்பாவுல உபரி போட்டு வையுங்க. குழல் இல்லாம சிம்பலை மாட்டினா உலோகத்துல உலோகம் உரசி நடு ஓட்டை சாவித்துவாரம் மாதிரி தேஞ்சு போகும்.

மெட்டல் டிரம்மருக்கே உரிய தொல்லை டபுள் பெடல், அதாவது கிக்கை (கீழே இருக்கிற பெரிய டிரம்) ரெண்டு காலாலயும் அடிக்கிற பெடல். ஹை-ஹாட் (காலால மூடித் திறக்கிற ஜோடி சிம்பல்) ஸ்டாண்டுக்கு மூணு கால் இருந்தா இடது பெடல் வைக்க இடம் கிடைக்காது. காலைச் சுழற்ற முடியற ஸ்டாண்டோ ரெண்டு கால் ஸ்டாண்டோ பார்த்து வாங்குங்க. பெடல் கவ்வுற இடத்துல கிக் வளையத்துக்கு மேல ஒரு ரப்பர் துண்டு வையுங்க, இல்லைன்னா ஒரே ராத்திரியில பல் பதிஞ்சிடும். செட்டுக்கு அடியில கண்டிப்பா கம்பளம், கிக் நகரவே கூடாது. ஒவ்வொரு டிரம்மரும் தன் ஸ்டாண்ட் கால் நிற்கிற இடத்தைத் தனி நிற டேப்பால குறிச்சா மாத்தற நேரம் பாதியாகும். இடதுகை டிரம்மர் இருந்தா அவரை முதல்லயோ கடைசியிலயோ போடுங்க. நடுவுல போட்டா முழுச் செட்டையும் ரெண்டு தடவை திருப்பணும்.

டிரம் தோல் கிழிஞ்சா யார் காசு? கிழிச்சவர் காசு. இதை வாயால சொல்லாம எழுதி அனுப்பிடுங்க. உபரி கிக் தோல் ஒண்ணு பொதுவுல இருக்கட்டும். ஸ்னேர் கிழிஞ்சா மட்டும் அவசரத்துக்கு விதியைத் தளர்த்தி இன்னொருத்தர் ஸ்னேர் கேட்டுச் சமாளிக்கலாம், கிக் போனா ஷோவே நின்னுடும். அவசரத்துக்கு அகலமான துணி டேப்பை குறுக்கும் நெடுக்குமா ஒட்டினா ரெண்டு பாட்டு தாங்கும், அவ்வளவுதான்.

மிக்ஸர்மேசை:

இரட்டைமிதி டிரம்ஸைச் சொல்லிவிட்டார். கிட்டார் பக்கம் பார்ப்போம். ஆம்ப் ஹெட் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) அவரவருடையது, கேபினெட் பொது. இதில் பணம் எரியும் இடம் ஓம் (மின்தடை) கணக்கு. 8 ஓம் கேபினெட் இரண்டை இணையாகச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம், 16 ஓம் இரண்டு சேர்ந்தால் 8. வால்வ் ஹெட்டில் அதற்குப் பொருந்தும் துளையில்தான் செருக வேண்டும். டிரான்சிஸ்டர் ஹெட் என்றால் அதில் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓமுக்குக் கீழே போகக் கூடாது. கேபினெட் இணைக்காமல் வால்வ் ஹெட்டை இயக்கினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆளை மாற்றும் அவசரத்தில் நடக்கிற தவறு இதுதான். ஸ்பீக்கர் கேபிளுக்குப் பதில் கிட்டார் கேபிளைச் செருகுவது அடுத்த தவறு. பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே கம்பி மெல்லியது, சூடேறிப் போகும். ஸ்பீக்கர் கேபிள் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றி, கேபினெட்டோடு கட்டி வையுங்கள்.

சவுண்ட் செக்கைத் தலைகீழ் வரிசையில் செய்யுங்கள். கடைசியாக வாசிக்கும் பேண்ட் முதலில், முதலில் வாசிக்கும் பேண்ட் கடைசியில். அப்போது திறப்பு பேண்டின் அமைப்பு மேடையில் அப்படியே இருக்கும், உடனே தொடங்கலாம். ஒரு பேண்டுக்கு 30 நிமிடம், இடைவெளி 20 நிமிடம். கதவு 5 மணிக்கு என்றால் 5:30 முதல் 6, 6:20 முதல் 6:50, 7:10 முதல் 7:40. ஹால் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள், சாமான் இறக்கி ஏற்ற ஒரு மணி நேரம் ஒதுக்கி. யார் நேரம் மீறினாலும் அவருடைய கடைசிப் பாட்டுதான் வெட்டப்பட வேண்டும். அடுத்த பேண்டின் நேரத்தில் கை வைத்தால் அந்தப் பகை இரண்டு வருஷம் ஓடும்.

100 பேர் ஹாலில் டிரம்ஸ் மைக் இல்லாமலே சத்தம். கிட்டார்களை டிரம்ஸ் அளவுக்கு மட்டும் வையுங்கள். கேபினெட் தரையில் இருந்து முழங்காலுக்கு வாசித்தால் கிட்டாரிஸ்ட் தனக்குக் கேட்கவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். ஒரு பெட்டி மேல் ஏற்றிக் காதுக்கு நேராகத் திருப்புங்கள், தானாகவே குறைப்பார். வீட்டில் தனியாக வாசிக்கும்போது மிட் (நடுத்தர அதிர்வெண்) முழுக்கக் குறைத்த டோன் பிரமாதமாக இருக்கும். மேடையில் அதே டோன் சிம்பலுக்கும் பேஸுக்கும் நடுவில் காணாமல் போகும். மிட்டை ஏற்றச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

பாடகர்கள் மைக் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பது வழக்கம். மைக் முன்பக்கம் மட்டும் கேட்கும்படி இருப்பதற்குக் காரணம் தலைக்குப் பின்னால் உள்ள துளைகள். அதைப் பொத்தினால் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கும், மானிட்டர் (பாடகரை நோக்கி வைத்த மேடை ஸ்பீக்கர்) ஊளையிடும், குரலும் தகர டப்பாவாகும். பிறகு சவுண்ட்காரர் மேல் பழி.

காதும் முக்கியம். 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான், 109 டெசிபலில் 2 நிமிடம்கூட இல்லை. கதவருகே ஃபோம் காதடைப்பு ஒரு பெட்டி வையுங்கள். உருட்டி மெலிதாக்கி, மறுகையைத் தலைக்கு மேல் கொண்டுவந்து காது மடலை மேலே இழுத்துச் செருகி, விரியும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் வாசலில் ஒட்டவைத்தபடி விட்டுவிட்டு "வேலை செய்யல" என்பார்கள். புதிதாக வருகிறவருக்கு அதைச் செருகிக் காட்டுவதே நல்ல அறிமுகம்.

வட்டச்சுழல்:

பிட் பற்றி. வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சண்டை, உள்ளே நிற்பவருக்கு விதி உள்ள விளையாட்டு. அந்த விதிகளை யாரும் புதியவருக்குச் சொல்வதில்லை என்பதுதான் கோளாறு. நுழைவுச் சீட்டின் பின்னால் நாலு வரியாக அச்சடியுங்கள்: விழுந்தவரை உடனே தூக்கு. முழங்கை தோளுக்குக் கீழே. தள்ளலாம், குத்தக் கூடாது. விளிம்பில் நிற்பவர் உள்ளே வர விரும்பவில்லை என்றால் இழுக்காதே.

மற்றவை நடைமுறையில் வரும். கண்ணாடி, சாவி, செருப்பு கீழே கண்டால் எடுத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். தேடுபவர் அந்தக் கையைப் பார்த்து வருவார். ஷூ லேஸ் அவிழ்ந்தவர் உட்கார்ந்தால் இரண்டு பேர் முதுகைக் காட்டி அரண் கட்டுவார்கள். ஆணி முள் வைத்த கைப்பட்டைகளைக் கதவிலேயே கழற்றச் சொல்லிவிடுங்கள். சர்க்கிள் பிட் (எல்லோரும் வட்டமாக ஓடுவது) பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில்தான் சுழலும். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் வீடியோக்களை வைத்து ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையிலும் இது வருகிறது. ஒழுங்கில்லாமல் மோதி ஆடும் சாதாரண மோஷ் பிட்டை வாயு மூலக்கூறுகளின் இயக்கத்தோடு ஒப்பிட்டார்கள். திசை தெரியாமல் எதிரே ஓடுபவர்தான் மூக்கை உடைத்துக்கொள்வார்.

வால் ஆஃப் டெத் (கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஓடிவந்து மோதுவது) 100 பேர் ஹாலில் வேண்டாம். மோதிய கூட்டம் கடந்துபோக எதிர்ப்பக்கம் இடம் வேண்டும், உங்களுக்குச் சுவர்தான் இருக்கும். மூன்று பாடகர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள், உற்சாகத்தில் அவர்கள்தான் அழைப்பார்கள். மேடையிலிருந்து குதிப்பதும் அப்படியே. கீழே பிடிக்க நெருக்கமான கூட்டம் இல்லாமல் குதித்தால் தரைதான் பிடிக்கும்.

பிட் விளிம்பில் நிற்கப் பழகிய 4 பேரை நிறுத்துங்கள், கையில் ஒரே நிறப் பட்டை கட்டி. அவர்கள் வேலை வெளியே சிதறி வருபவரைத் திருப்பி அனுப்புவதும், பிட்டில் வேறு நோக்கத்தோடு கை வைப்பவனைக் கவனிப்பதும். இருட்டில் சத்தத்தில் யாரும் வாயால் புகார் சொல்ல முடியாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி போலப் பிடித்தால் நிறுத்து என்று பொருள், பாட்டு அங்கேயே நிற்கும், ஹால் விளக்கு எரியும். பேண்டுகள், சவுண்ட்காரர், விளக்குக்காரர் மூவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். சவுண்ட் செக்கில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். நடுப்பாட்டில் நிறுத்தக் கூச்சப்படும் டிரம்மர் எப்போதும் ஒருவர் இருப்பார்.

தலையில் அடிபட்டு வாந்தி, குழப்பம், கேட்டதையே திரும்பக் கேட்பது, கொஞ்ச நேரம் நினைவு தப்புவது, இவற்றில் ஏதாவது இருந்தால் அவர் மறுபடி பிட்டுக்குள் போகக் கூடாது, தனியாக வீட்டுக்கும் அனுப்பக் கூடாது, மருத்துவமனைக்குத்தான். முதலுதவிப் பெட்டியில் கையுறை, காஸ், குளிர் பொட்டலம், உப்பு நீர்க் குப்பி. வெறும் தண்ணீர் இலவசமாக, நிறைய.

கீழ்ச்சுருதி:

இவ்வளவு எதிர்பார்க்கல, நன்றி. ரெண்டு சந்தேகம். எங்க ஹால் நடுவுல ஒரு தூண் இருக்கு, என்ன பண்றது? ரெண்டாவது, தப்பா நடந்துக்கிட்டவன் பேண்ட் ஆளோட நெருங்கின நண்பனா இருந்தா?

வட்டச்சுழல்:

தூணுக்குத் தரையிலிருந்து தலை உயரம் வரை பழைய மெத்தை சுற்றி டேப் ஒட்டுங்கள், அதன் முன்னால் பட்டை கட்டிய ஒருவர் நிற்கட்டும். பிட் தூணுக்கும் மேடைக்கும் நடுவில் வரும்படி ஹாலின் பின்பாதியில் மெர்ச் மேசையை (பேண்டுகளின் பொருட்கள் விற்கும் மேசை) போட்டுவிட்டால் கூட்டம் தானாக முன்னால் நகரும்.

இரண்டாவது கேள்வியில்தான் பல வட்டங்கள் உடைகின்றன. அவன் அன்றைக்கு வெளியே, அடுத்த ஷோவுக்கும் இல்லை. முடிவெடுக்கும் இரண்டு பேரை முன்பே பெயர் சொல்லி அறிவியுங்கள். அதில் ஒருவர் பெண்ணாகவும், எந்தப் பேண்டிலும் இல்லாதவராகவும் இருந்தால் நல்லது. "அவன் நல்லவன்தான், குடிச்சிருந்தான்" என்று ஒரு தடவை விட்டால் அந்தப் பெண் மட்டுமில்லை, அவளோடு வந்த நாலு பேரும் மறுபடி வரமாட்டார்கள். நீங்கள் முதலில் எழுதிய பிரச்சினைக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கும், விசாரித்துப் பாருங்கள்.

ஊசிநூல்:

வட்டச்சுழல் சொன்ன கடைசி வரிக்கு நூறு கட்டைவிரல். சுவரோரம் நிற்கிறவங்களை வரவேற்கிறோம்னு சொல்லி "அந்த டி-ஷர்ட் போட்டிருக்கியே, மூணு பாட்டு சொல்லு"ன்னு பரீட்சை வைக்கிறதையும் நிறுத்தச் சொல்லுங்க. பெண்கள்கிட்டதான் அந்தக் கேள்வி அதிகம் வருது.

ஷோ இல்லாத மாசத்துக்கு என் பரிந்துரை பேட்ச் (பேண்ட் பேர் போட்ட துணித் துண்டு) தைக்கிற கூட்டம். டெனிம் வெஸ்ட்டுல (கையில்லாத ஜீன்ஸ் ஜாக்கெட்) பேட்ச் தைக்க மூணு மணி நேரம் ஆகும், கை வேலையா இருக்கும், வாய் சும்மா இருக்கும், பின்னணியில ஆல்பம் ஓடும். கூச்சப்படறவங்களுக்கு எதிர்ல இருக்கிற முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, ஊசியைப் பார்த்துக்கிட்டே பேசலாம். எட்டு பேருக்கு மேல வேண்டாம், ரெண்டு கூட்டமா ஆக்கிடுங்க.

தேவை: ஜீன்ஸ் தைக்கிற தடிமனான ஊசி, பாலியஸ்டர் நூல், விரல் கவசம், குண்டூசி, ஊசியை இழுக்க ஒரு சின்ன குறடு. பருத்தி நூல் தேய்ஞ்சு அறுந்திடும். பலர் பல் இடுக்கு நூலையே வச்சுத் தைப்பாங்க, மெழுகு பூசின வாசனையில்லாத ரகம், இரும்பு மாதிரி நிக்கும். வெள்ளையா தெரியும், அதைக் கறுப்பு மார்க்கரால தேய்ச்சுக்கலாம்.

புது டெனிமை முதல்ல துவைச்சு காயப்போடுங்க. இல்லைன்னா பேட்ச் தைச்ச பிறகு துணி சுருங்கி, பேட்ச் வயிறு மாதிரி உப்பிடும். முதுகுப் பெரிய பேட்ச்தான் முதல்ல. வெஸ்ட்டைப் போட்டுக்கிட்டு, கையை முன்னால நீட்டி, இன்னொருத்தர் குண்டூசி குத்தணும். மேசையில விரிச்சுக் குத்தினா தோள் இழுக்கும்போது கோணலாயிடும். இதுக்குக் கண்டிப்பா இன்னொரு ஆள் வேணும், அதனாலதான் இதைத் தனியா செய்யாம கூட்டமா செய்யச் சொல்றேன். ஓரத்துல நெய்த பேட்சுக்கு ஓரத்தையும் டெனிமையும் சேர்த்துச் சுத்துத் தையல், அச்சடிச்ச துணிப் பேட்சுக்கு ஓரத்தை அரை சென்டிமீட்டர் மடிச்சு பின்தையல். பையைத் தாண்டித் தைக்கும்போது பையோட வாயை மூடிடாதீங்க, உள்ளே ஒரு அட்டையைச் செருகிக்குங்க. பசை வேண்டாம், ரெண்டு துவையல்ல உரிஞ்சு வரும், அந்த இடம் விறைச்சுப் போய் ஊசியும் இறங்காது. இஸ்திரி போட்டு ஒட்டற ரகத்தையும் சுத்தித் தைச்சுடுங்க.

மூணு உள்ளூர் பேண்டோட பேட்சும் இலவசமா ஆளுக்கு ஒண்ணு கொடுங்க. பழைய பருத்தித் துணியில ஸ்டென்சில் வெட்டி, துணிக்கான கறுப்பு வண்ணத்தைப் பஞ்சால ஒத்தி எடுத்தா போதும். நீர்க்க இருந்தா ஓரம் கசியும், கெட்டியா கொஞ்சம் கொஞ்சமா ஒத்தணும். காய்ஞ்சதும் மேல ஒரு துணி போட்டு இஸ்திரி. டூம் பேண்ட் பேட்சை த்ராஷ் ஆள் முதுகுல பார்க்கிற அன்னிக்கு உங்க பிரச்சினை பாதி முடிஞ்சது.

பழைய_கேசட்:

தையல் கூட்டம் நல்ல யோசனை, ஆனால் பின்னணியில் ஆல்பம் ஓடும் என்பதை ஏற்க மாட்டேன். கேட்பதற்குத் தனி நாள் வேண்டும். குரூப்பில் லிங்க் யாரும் திறக்காததற்குக் காரணம், அனுப்புவதற்கு எந்தச் செலவும் இல்லை, திறக்காவிட்டால் எந்தக் கடனும் இல்லை.

கேசட் பரிமாற்ற நாட்களில் அப்படி இருக்கவில்லை. மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் வருமுன்பே 1982 டெமோவான 'நோ லைஃப் டில் லெதர்' தபாலிலேயே நாடு விட்டு நாடு போனது. ஆளுக்கொரு பட்டியல் வைத்திருப்பார்கள், நீ ஒன்று பதிவு செய்து அனுப்பினால் நானும் ஒன்று அனுப்ப வேண்டும், கூடவே கடிதம். வாங்கிவிட்டுத் திருப்பி அனுப்பாதவர் பெயர் ரசிகர்களே தயாரித்த சிறு இதழ்களில் ஏறும். அந்தக் கடன்தான் முகம் தெரியாதவர்களைப் பிணைத்தது.

அதை இப்படி மாற்றிச் செய்யலாம். மாதம் ஒருமுறை சீட்டுக் குலுக்கி ஜோடி சேருங்கள், அதே உட்பிரிவு ரசிகர்கள் ஜோடியாகக் கூடாது. ஒவ்வொருவரும் மற்றவருக்கு ஒரே ஒரு ஆல்பம் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் முழுதும் கேட்டு ஐந்து வரி எழுத வேண்டும்: எந்த இடம் பிடித்தது, எந்த இடத்தில் கவனம் போயிற்று. "செம", "மொக்கை" இரண்டும் செல்லாது. எழுதாதவர் அடுத்த மாதச் சீட்டில் இல்லை. பிறகு எல்லோரும் கூடும் நாளில் ஒவ்வொருவரும் தனக்குக் கிடைத்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டைப் போடுவார், கொடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. ஆளுக்கு 8 நிமிடம், பாடும்போது பேச்சில்லை, கைபேசி ஒரு கூடையில். பத்துப் பேர் என்றால் பேச்சோடு சேர்த்து இரண்டரை மணி நேரம். டூம் ஆட்களுக்கு மட்டும் விலக்கு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' ஒரே பாட்டு, 63 நிமிடம். ஒரு தடவை இளகினால் அன்றைய கூட்டம் அதோடு முடிந்தது.

இரட்டைமிதி:

63 நிமிஷத்துக்கும் உட்காருவேன் ப்ரோ, டிரம்மர் பாவம்னு நினைச்சுக்கிட்டே.

விட்டுப்போனது, காசு. கதவுல வர்ற பணத்துல முதல்ல ஹால், அடுத்து சவுண்ட்காரர், அப்புறம் வெளியூர் பேண்ட் வந்தா அவங்க பயணம், மிச்சம் பேண்டுகளுக்குச் சமமா. கூட்டம் யாருக்கு வந்ததுன்னு எண்ண ஆரம்பிச்சா அன்னிக்கே மூணு கட்சி ஆயிடும். பேண்டுகளை இத்தனை டிக்கெட் வித்துக்கொடுன்னு கட்டாயப்படுத்தாதீங்க. வித்த ஆளோட சொந்தக்காரங்க வந்து அந்த செட்டை மட்டும் பார்த்துட்டுப் போவாங்க, நீங்க முதல்ல கேட்ட பிரச்சினைக்கே திரும்ப வந்துடுவீங்க. கணக்கை ஒரு தாள்ல எழுதி குரூப்ல போட்டுடுங்க, நஷ்டமா இருந்தாலும்.

வாசிக்கிற வரிசையை ஷோவுக்கு ஷோ சுழற்றுங்க. மெர்ச் மேசை மூணு பேண்டுக்கும் ஒண்ணுதான், ஆளுக்கு ஒரு பேண்ட் நேரம் உட்காரணும், தன் பேண்ட் வாசிக்காத நேரத்துல. சுவரோரம் நிற்கிற புது ஆளுக்கு முதல் வேலையா கதவுல கைமுத்திரை குத்துறதைக் கொடுங்க. உள்ளே வர்ற ஒவ்வொரு முகமும் அவருக்குத் தெரிஞ்சிடும், அவரையும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

கீழ்ச்சுருதி:

எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதிட்டேன். வெஸ்ட் துவைக்கிறதைப் பத்தி யாரும் சொல்லலையே, துவைக்கவே கூடாதுன்னு ஒரு கூட்டம் அடம் பிடிக்குது.

ஊசிநூல்:

துவைக்காம விடறது அவங்க இஷ்டம், பக்கத்துல நிற்கிறவங்க இஷ்டமும் கேளுங்க. உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணியில கொஞ்சம் சோப்பு போட்டு அரை மணி ஊற வச்சு, கையால அமுக்கி எடுத்து, முறுக்காம நிழல்ல காயப்போடுங்க. சிவப்பு பேட்ச் இருந்தா ஈரத்துணியால ஒரு மூலையைத் தேய்ச்சுச் சாயம் போகுதான்னு முதல்ல பாருங்க. ஆணி முள் வச்சிருந்தா திருகைக் கழட்டிடுங்க, துரு பிடிச்சா டெனிம்ல பழுப்பு வட்டம் நிரந்தரமா நிக்கும்.

இரட்டைமிதி:

கடைசியா ஒண்ணு: டிரம் சாவியை ஒரு கயிறுல கட்டி ஃப்ளோர் டாம் கால்லயே தொங்க விடுங்க. மூணு டிரம்மர், ஒரு சாவின்னா அது எப்பவும் முதல்ல வாசிச்சவர் பாக்கெட்டுலதான் இருக்கும்.